ஆரணி 417

சிவப்பு வர வேண்டிய இடத்தில் பச்சை வந்திருந்தது.

ஜினமதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். பச்சையேதான். ஆரணி 417, மறுசேகரித்த குழாய், அடையாளச் சரிபார்ப்பு, அதற்கு நேராக ஒரு சின்னப் பச்சைக் கட்டம். கட்டத்துக்குள் ஒரே சொல்: பொருந்துகிறது. எழுபத்து மூன்று நாளாக எதற்குப் பயந்துகொண்டிருந்தாளோ அது வரவில்லை. வராதது நல்லதுதானே என்று தோன்ற வேண்டும். தோன்றவில்லை. நாற்காலியின் நுனிக்கு வந்து உட்கார்ந்தாள்.

பகல் பதினொன்றரை மணி. எதிர்க் கொட்டகையில் விசைத்தறிகள் தடதடத்துக்கொண்டிருந்தன. அந்த அதிர்வு ஜன்னல் கம்பி வரைக்கும் வரும், மேஜைமேல் இருக்கிற பாட்டிலுக்குள் தண்ணீர் எந்நேரமும் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். தெருக்கோடிச் சாயப் பட்டறையிலிருந்து கொதிக்கிற சாயத்தின் புளித்த நெடி, அதையும் மீறி இந்த அறைக்கே உரிய ஸ்பிரிட் வாசனை, மூலையில் உறைபெட்டியின் விடாத முனகல். மூன்று வருஷமாக இவற்றுக்குள்ளேயே உட்கார்ந்து பழகியவள் அவள். இன்றைக்கு எல்லாமே ஓரடி தள்ளிப் போய் நின்றுகொண்டு அவளைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

கொசப்பாளையத்தில் ஒரு பட்டு வியாபாரி வீட்டு மாடி அது. நெசவுக் குடும்பங்களின் மரபணுவை முழுசாகப் படித்து வைக்கப் புறப்பட்ட ஒரு பெரிய ஆய்வகத்தின் ஆரணிக் கிளை. கிளை என்றால் ஜினமதி, ஓர் உறைபெட்டி, ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். ரத்தம் எடுப்பாள், குழாயில் எண் ஸ்டிக்கர் ஒட்டுவாள், ஐஸ் பெட்டியில் அடுக்கிச் சென்னைக்கு அனுப்புவாள். மீதியை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். அதற்குத் தெரிந்தது ஒரே விஷயம்தான், ஓர் ஆளுக்கு ஓர் எண். அந்த எண்ணின் ரத்தம் எந்த உறைபெட்டியில், எந்தத் தட்டில், எத்தனையாவது குழியில் இருக்கிறது, இன்னும் எவ்வளவு மீதி, கடைசியாகத் தொட்டவர் யார் என்று கேட்டால் கண் சிமிட்டுவதற்குள் சொல்லிவிடும். ஆளின் பெயரும் முகமும் சென்னையில் யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. அவர்களுக்கு எண்தான் ஆள்.

417 என்றால் மாணிக்கவேல். மூன்று தெரு தள்ளி இருந்த நெசவுக்காரர், ஐம்பத்தெட்டு வயசு, கூச்ச சுபாவம். முகாமில் ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, “ரொம்ப வலிக்குமாங்க மேடம்?” என்று கேட்டவர். எல்லோரிடமும் சொல்வதை அவரிடமும் அவள் சொன்னாள்.

“பயப்படாதீங்க ஐயா. நாளைக்கே உங்களுக்கு வேணாம்னு தோணிச்சின்னா ஒரு வார்த்தை சொன்னா போதும். உங்க ரத்தத்துல பொட்டுகூட மிச்சம் வெக்காம அழிச்சிடுவோம்.”

“எங்கெங்கயோ அனுப்புவீங்களே, எப்பிடித் தேடுவீங்க?”

“நாங்க தேட வேணாம்ங்க. எங்க இருந்தாலும் அந்த சிஸ்டமே தேடிப் போயி அழிச்சிடும்.”

அவர் கண்ணைத் திறந்து அந்தக் கம்ப்யூட்டரை ஒரு மரியாதையோடு பார்த்தது அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அவர் கொடுத்த ரத்தம் வழியிலேயே கெட்டுப்போனது. அடையாளம் பார்க்கிற அளவுக்குத் தேறியது, முழுசாகப் படிக்கப் போதவில்லை. மறுசேகரிப்பு வேண்டும் என்று மென்பொருள் கேட்டது. அதே எண் போட்ட புதுக் குழாயைப் பையில் வைத்துக்கொண்டு ஜினமதி அவர் வீட்டுக்குப் போனபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். முந்தின நாள் தறியில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டாராம். மனைவி ஜெயம் சுவரோரம் அழாமல் உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வந்ததும் அந்த எண்ணுக்கு எதிரே ‘இறந்தார்’ என்று பதிந்திருக்க வேண்டும். ஒரு தட்டு தட்டினால் போதும், எண் மூடிக்கொள்ளும். அவள் பதியவில்லை.

காரணம் அக்ஷயா. ஒன்பது வயசு மகள். அவளுடைய அப்பா அரிஹந்த், திருமலைச் சமணக் கோயில் படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. முப்பத்து நான்கு வயசு. இதயத் தசை தடித்துப்போகிற வியாதி, ரத்தத்தோடு வருவது, பிள்ளைக்கும் இருக்கிறதா என்று மரபணுவைப் பார்த்துவிடுங்கள் என்று வேலூர் டாக்டர் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. வெளியில் பார்க்க அவளுக்கு வசதியில்லை. இந்தத் திட்டத்தில் சேர்க்கவும் வழியில்லை. அவர்கள் நெசவுக் குடும்பம் இல்லை, குழந்தைக்குப் பதினெட்டும் ஆகவில்லை. இரண்டு வருஷமாக மகள் மாடிப்படி ஏறினால்கூட இவளுக்கு மூச்சு நின்று வந்தது. இப்போது கையில் ஒரு குழாய் ரத்தத்துக்காக வாயைத் திறந்து காத்திருக்கிற எண் ஒன்று இருந்தது. அதைக் கேட்டு யாரும் வரப்போவதில்லை.

அன்று சாயங்காலம் சமையலறையில் வைத்து மகளின் கையில் ஊசி போட்டாள். குழாயில் 417 ஒட்டினாள்.

அவள் போட்ட கணக்கு சுலபமானது. மரபணுவைப் படித்து முடித்த பிறகுதான் மென்பொருள் பழைய ரத்தத்தையும் புதிய ரத்தத்தையும் ஒப்பிடும். ஒப்பிட்டால் வேறு வேறு ஆள் என்று சிவப்பு காட்டும். அதற்குள் முடிவு இவள் திரையில் வந்துவிட்டிருக்கும். ஸ்டிக்கர் மாறிப்போச்சுங்க என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டால் ஆயிற்று. வேலை போனாலும் போகட்டும்.

முடிவும் வந்திருந்தது. இதயத் தசை தொடர்பான மாற்றம்: இல்லை. அதைப் படித்த அந்த ஒரு நொடி, உடம்பில் ஏற்றி வைத்திருந்த மூட்டையை யாரோ இறக்கிவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. வாய்விட்டு அழுதிருப்பாள். அப்புறம்தான் கீழே இருந்த பச்சையைப் பார்த்தாள். பொருந்துகிறது என்றால் இது மாணிக்கவேலின் ரத்தம். மாணிக்கவேலுக்கு வியாதி இல்லை. மேலே இன்னொரு வரி. பாலினம்: ஆண்.

சென்னைக்கு போன் போட்டாள். மென்பொருளைப் பார்த்துக்கொள்கிற தமிழ்செல்வன் உடனே எடுத்தான்.

“நானூத்திப் பதினேழா? சுத்தமா இருக்கே மேடம். பழசும் புதுசும் ஒரே ஆளு. சந்தேகத்துக்கே இடமில்ல.”

“லேப்ல குழாய் ஏதாவது மாறிடுச்சா தம்பி?”

“மாறணும்னா அவரோட இன்னொரு குழாய் இருக்கணுமே? பழைய ரத்தம் எப்பவோ தீந்துபோச்சி. நீங்க அனுப்பின ஒண்ணுதான் வந்துது, அதைத்தான் படிச்சோம்.” அவன் சிரித்தான். “தப்பா இருக்குன்னு எல்லாரும் கூப்புடுவாங்க. சரியா இருக்குன்னு பேஜாராவறது நீங்க ஒருத்தர்தான் மேடம்.”

போனை வைத்த பிறகு வெகுநேரம் அவள் பாட்டிலுக்குள் நடுங்குகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஊசியை அவள்தான் போட்டாள். குழாய் நிறைகிற வரைக்கும் மகளின் முழங்கையை அவள்தான் பிடித்திருந்தாள். அப்படியானால் அன்றைக்கு அந்தச் சின்னக் கையிலிருந்து வந்தது யாருடைய ரத்தம்?

நாலரைக்குப் பள்ளி விடும். அக்ஷயா வீடு வந்து சேர்ந்தபோது மணி ஆறு. ஒரு மாசமாகவே இப்படித்தான்; கேட்டால் ஸ்பெஷல் கிளாஸ் என்பாள். மழைக்கால இருட்டு அதற்குள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. புத்தகப் பையை இறக்கிவிட்டு, விளக்கைக்கூடப் போடாமல், தரையில் காலைத் தொங்கப்போட இடம் தேடுகிறவள் மாதிரி சற்று நேரம் நின்றுவிட்டு, கட்டிலின் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்தாள். அவள் கைகள் மடியில் இருந்தன. வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தன, எதையோ திரிக்கிற மாதிரி, வெளிப்பக்கமாக. வரக் வரக் என்று தோல் உரசுகிற சத்தம். விரல் நுனி இரண்டும் சாம்பல் பூத்திருந்தது. சாக்பீஸ் என்று ஜினமதி இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

“கண்ணு, கைய நீட்டு. ஒரு சின்ன குத்து.”

அக்ஷயா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். “ரொம்ப வலிக்குமா?” என்றாள்.

எல்லாக் குழந்தையும் கேட்பதுதான் என்று ஜினமதி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மோதிர விரலில் குத்தினாள். ஒரு சொட்டு வந்தது, நல்ல சிவப்பு. கண்ணாடிச் சில்லில் இரண்டு இடத்தில் வைத்து, ஆபீஸிலிருந்து கொண்டுவந்த இரண்டு மருந்தையும் ஒவ்வொரு துளி விட்டுக் குச்சியால் கலக்கினாள். ரத்த வகை பார்க்கிற பழைய வழி. கண்ணை மூடிக்கொண்டே செய்வாள். அக்ஷயா ஓ வகை. பிறந்த அன்றைக்கே இவளே பார்த்து எழுதி வைத்தது. ஓ வகை ரத்தம் எந்த மருந்திலும் திரியாது, வழவழவென்று அப்படியே பரவி நிற்கும்.

முதல் துளி திரிந்தது. சிவப்பு மணல் மாதிரி திட்டுத் திட்டாக ஒதுங்கியது.

இரண்டாவதும் திரிந்தது.

ஏபி. ஜினமதியும் ஓ வகைதான். ஓ வகைத் தாய்க்கு ஏபி வகைப் பிள்ளை பிறக்காது என்பது முதல் வருஷப் பாடம். முகாமில் மாணிக்கவேலின் அட்டையில் ஏபி என்று எழுதியதும் இவள் கைதான். அவள் சில்லை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் கட்டிலில் அந்தச் சத்தம் நிற்கவே இல்லை. வரக். வரக். வரக்.

“போதும் அக்ஷயா. கைய சும்மா வை.”

“சும்மாதான் இருக்கேன்மா,” என்றது குழந்தை. குரல் அவளுடையதுதான். தூக்கக் கலக்கமான, அன்பான குரல். அந்தக் குரலைக் கேட்டபோதுதான் ஜினமதிக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

மறுநாள் காலை மகளைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டு ஆபீஸுக்கு வந்தாள். வேலை ஓடவில்லை. மூன்று மணி வாக்கில் மாடிப்படியில் மெதுவாக ஏறிவருகிற காலடி கேட்டது. ஜெயம். மூச்சு வாங்க வந்து கதவோரம் நின்றாள். முகம் தெளிவாக இருந்தது. பந்தலுக்குக் கீழே பார்த்த அந்த வெறித்த முகம் இல்லை.

“மேடம், பாப்பாவத் திட்டாதீங்க. சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

“எந்தப் பாப்பா?”

“உங்க பாப்பாதாங்க. ஒரு மாசமா ஸ்கூல் வுட்டா நேரா எங்க வூட்டுக்குத்தான் வருது. தறிக்குழியில காலத் தொங்கவுட்டுக் குந்திகினு பாவு பிணைச்சிகினு கீது. இன்னிக்கி காலையிலியே வந்துட்சி. ஸ்கூலுக்குள்ளயே போவல போலக்கீது.”

ஆரணியில் வேலை பார்க்கிற எவருக்கும் பாவு பிணைப்பது என்றால் என்னவென்று தெரியும். சேலையின் நீளத்துக்கு ஓடுகிற இழைகள் பாவு. ஒரு பாவு தீர்ந்துபோகும்போது தறியிலிருந்து அறுத்து எறிய மாட்டார்கள். ஒரு சாண் முனையை அப்படியே விட்டு வைத்து, புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய பாவின் ஒவ்வோர் இழையோடு, விரலில் சாம்பல் தொட்டுத் திரித்துச் சேர்ப்பார்கள். ஆயிரக்கணக்கான இழை. அப்படிச் சேர்த்துவிட்டால் பழையது எங்கே முடிந்தது, புதியது எங்கே தொடங்கியது என்று தறிக்குத் தெரியாது. அதுபாட்டுக்கு ஓடும்.

“அவரு வுட்டுட்டுப் போன முனைங்க அது,” என்றாள் ஜெயம். “எனக்கு அறுக்க மனசு வரல. எத்தினியோ பேரு வந்து பாத்தாங்க, யாரு பிணைச்சாலும் அவுந்துட்சி. அவரு வெளிப்பக்கமா திரிப்பாருங்க. ஊர்ல யாரும் அப்பிடித் திரிக்க மாட்டாங்க. பாப்பா அப்பிடித்தான் திரிக்குது. ஒண்ணுகூட அவுரல.”

“யாரு சொல்லிக் குடுத்தது?”

“நான் கேக்கலைங்க.” ஜெயம் புன்னகை செய்தாள். “கேட்டு, எழுந்து பூட்டாருன்னா?”

“அவளை உடனே அனுப்பிடுங்கம்மா. இப்பவே.”

“முடியட்டும்ங்க. இன்னும் கொஞ்சந்தான் கீது.” பேச்சு முடிந்துவிட்டது என்பது போல ஜெயம் திரும்பிப் படியிறங்கினாள்.

காலடி ஓய்ந்தது. விசைத்தறிகளின் தடதடப்பு மட்டும். அப்போது அவள் செய்திருக்க வேண்டியது ஓடுவது. பின்னாலேயே ஓடிப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவது. ஆனால் தூக்கி வந்து? நேற்று ராத்திரி சோறு ஊட்டியதும் அதே பிள்ளைக்குத்தானே? எங்கே தூக்கிப் போனாலும் அந்த ரத்தமும் கூடவே வரும். முடிச்சு இங்கே இருக்கிறது, இந்தத் திரையில். செத்துப்போனவரின் எண்ணை மூடாமல் திறந்து வைத்து, அதன் முனையில் தன் மகளின் ரத்தத்தை வைத்துத் திரித்தவள் அவள்தான். அவிழ்க்க வேண்டியதும் அவள்தான் என்று நினைத்தாள். படித்த மூளை அப்படித்தான் நினைக்கும்.

417-ஐத் திறந்தாள். கொடையாளர் நிலை: உயிருடன். அந்த இடத்தில் அம்புக்குறியை வைத்தாள். ‘இறந்தார்’ என்று மாற்றினால் உண்மையைச் சொன்ன மாதிரி ஆகும். தேதி கேட்டது. விரல் விசையின் மேலேயே நின்றது. யார் இறந்தார் என்று அது எடுத்துக்கொள்ளும்? கையை எடுத்துக்கொண்டாள்.

கீழே இன்னொரு பொத்தான் இருந்தது. சம்மதத்தைத் திரும்பப் பெறுதல். ஒரு கிளைப் பொறுப்பாளர், கொடையாளர் வாய்வார்த்தையாகச் சொன்னாலே அழுத்தலாம். அழுத்தினால் 417 சம்பந்தப்பட்ட குழாய்கள் எல்லாம் சென்னையில் அழியும், பதிவு அழியும், எண்ணே இல்லாமல் போகும். அழிவது குழாய்தானே, கண்ணாடியும் பிளாஸ்டிக்கும்தானே, ஆள் இல்லையே. பின்னிக்கொண்ட முனை அறுந்துவிடும். மகள் மகளாகிவிடுவாள். வியாதி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உறுதியாகவா என்று அது கேட்டது. ஆம் என்றாள். திரும்ப மாற்ற முடியாது என்றது. தெரியும்.

அழிக்க வேண்டிய மாதிரிகள் என்று ஒரு பட்டியல் விரிந்தது. முதல் நான்கு வரிசையும் அவள் எதிர்பார்த்ததுதான். சென்னை, மூன்றாம் உறைபெட்டி, இரண்டு மில்லி. சென்னை, பிரித்தெடுத்த மரபணு, தட்டு எண், குழி எண். இன்னும் இரண்டு சின்னக் குழாய்.

ஐந்தாவது வரிசையும் இருந்தது.

இருப்பிடம்: ஆரணி. நெசவாளர் வீடு, தறிக்குழி. கடைசியாகத் தொட்டவர்: ஜினமதி. எடுத்தது: ஒரு சொட்டு, நேற்று மாலை. மீதி: இரண்டாயிரத்து நூறு மில்லி.

ஒன்பது வயசுக் குழந்தையின் உடம்பில் மொத்தம் எவ்வளவு ரத்தம் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

போனில் சென்னை எண்ணை மூன்றாவது தடவைதான் சரியாக அழுத்த முடிந்தது.

“தம்பி, நானூத்திப் பதினேழ நிறுத்துங்க. தெரியாம அழுத்திட்டேன். ஜல்தி நிறுத்துங்க.”

“அத நிறுத்த முடியாதே மேடம்.” தமிழ்செல்வன் பதற்றமே இல்லாமல் சொன்னான். “சட்டம் அது. வேணாம்னு சொன்ன ஆளோடத வெச்சிக்கினு இருந்தா நம்மள உள்ள தள்ளிடுவாங்க. நாங்க தொடவே முடியாதபடிதான் கட்டி வெச்சிருக்கு.”

“அஞ்சாவது வரிசையப் பாருங்க. அஞ்சாவது.”

“பாக்கறேன். ஆரணி, ரெண்டாயிரத்து நூறு. உங்க பேர்லதான் இருக்கு. ஏன், உங்ககிட்ட இருக்கிறதுதான?”

“அது என் பொண்ணு தம்பி.”

“மேடம்? சத்தம் சரியா கேக்கல. தறி சத்தமா கீது உங்க பக்கம்.”

முதல் வரிசை சாம்பல் நிறமானது. அழிக்கப்பட்டது.

தோளில் ஊசிப் பையும் கையில் போனுமாக ஓடினாள். செருப்பு எங்கே விழுந்தது என்று தெரியாது. மாடிப்படி, தெரு, ஈரச் சேறு, கழி நெடுகக் காயப்போட்ட சிவப்பு நூல் முகத்தில் அறைந்தது. பைக்கில் வந்த ஒருவன் திட்டினான். இரண்டாவது தெரு திரும்பும்போது மின்சாரம் போயிற்று. கொட்டகை கொட்டகையாக விசைத்தறிகள் நின்றன. ஊரே வாயைப் பொத்திக்கொண்டது. அந்த அமைதியில் கையிலிருந்த போன் டிங் என்றது. அவளுடைய கிளைக்கு வருகிற தகவல்.

இரண்டாவது வரிசை.

மூன்றாவது தெரு. காது அடைத்தது. நாலு வீடு. மூன்று வீடு. டிங்.

வாசல் திறந்திருந்தது. உள்ளே இருட்டில் ஒரு மூலையில் எண்ணெய் விளக்கு. நூலின் வாசனை, பழைய மரத்தின் வாசனை. ஜெயம் சுவரோரம் உட்கார்ந்து உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, நீலச் சீருடையில், முதுகைக் கூனிக்கொண்டு அக்ஷயா. இரட்டைப் பின்னல். காலையில் இவள் கட்டிவிட்ட அதே ரிப்பன். முன்னால் நூற்றுக்கணக்கான இழை விறைத்து நின்றது. பக்கத்தில் ஒரு சாம்பல் கிண்ணம்.

வரக். வரக்.

“அக்ஷயா.”

“வாங்க மேடம்,” என்றாள் மகள், திரும்பாமல். “இன்னும் கொஞ்சந்தாங்க. முடிச்சிட்டு எழுந்துக்கறேன்.”

ஜினமதி குழிக்குள் இறங்கினாள். பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். இழுத்தாள். தறிக்கே வேர் விட்ட மாதிரி அது அசையவில்லை. ஆனால் சூடாக இருந்தது. தலையில் தேங்காயெண்ணெய் வாசனை. மகளின் நெஞ்சில் கையை வைத்து அழுத்தினாள். துடிப்பு. சின்னதாக, சீராக, வேகமாக. இரண்டு வருஷமாக ராத்திரிகளில் தூங்குகிற பிள்ளையின் மேல் கை வைத்து எண்ணிய அதே துடிப்பு. இருக்கிறது. இருக்கிறது. எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

டிங். நான்காவது.

“வேணாம்,” என்றாள். “வேணாம், வேணாம், வேணாம்.” யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. அந்தச் சொல்லுக்குத்தான் அது இத்தனையும் செய்துகொண்டிருந்தது.

பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று.

டிங்.

பதினான்கு வரவில்லை.

காத்திருந்தாள். கையை மாற்றி வைத்தாள். காதை வைத்தாள். வரவில்லை. கைக்குள் இருந்த சூடு வெளியேறுவது தெரிந்தது. உதடு வெளுத்தது. நகம் வெளுத்தது. பையைக் கவிழ்த்தாள். ஊசி. மகளின் வலது கையைப் பிடித்தாள். மோதிர விரலில் குத்தினாள். அழுத்தினாள். பிதுக்கினாள். ஒன்றும் இல்லை. நடுவிரல். ஒன்றும் இல்லை. ஆள்காட்டி விரல். சுண்டுவிரல். கட்டைவிரல். ஆழமாக. பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. பொட்டுகூட இல்லை.

“நூத்தி எட்டு,” என்று ஜெயம் மெதுவாகச் சொன்னாள். “இன்னும் நூத்தி எட்டு இழைதாங்க.”

ஐந்து துளையோடு அந்தக் கை ஜினமதியின் பிடியிலிருந்து மெல்ல விலகியது. சாம்பல் கிண்ணத்தைத் தொட்டது. பழைய முனையில் ஓர் இழையை எடுத்தது, புதிய முனையில் ஓர் இழையை எடுத்தது, இரண்டையும் சேர்த்து வைத்து, வெளிப்பக்கமாகத் திரித்தது.